சீதனமாக வந்த தீவு

துருக்கியின் அய்வலிக்கில் படகேறி, ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் மிட்டிலீனித் துறைமுகத்தை அடைந்தேன். லெஸ்போஸ் தீவுக்கு நான் வந்ததே, அங்குள்ள கோட்டையைப் புதுப்பித்துக் கட்டிய ஜெனோவாப் பிரபு ஃபிரான்செஸ்கோ கத்திலூசியோவுக்காகத்தான்.

ஏஜியன் கடலில் ஆண்ட இத்தாலியப் பிரபுக்களில் பலர், நக்சோஸைக் கைப்பற்றிய வெனிஸின் மார்கோ சனுடோவைப் போல, வாளால் தீவுகளை வென்றவர்கள். கத்திலூசியோவுக்கோ தீவு சீதனமாக வந்தது. 1354-ஆம் ஆண்டின் இறுதியில், பைசாந்தியப் பேரரசின் அதிகாரத்தை இழந்து நின்ற ஐந்தாம் யோவானுக்குத் துணையாக, அவர் இரவோடிரவாகக் கான்ஸ்டான்டிநோபிளின் கடல்மதிலை நெருங்கினார். எண்ணெய்ச் சாடிகளை மதிலில் மோதி உடைத்து, எண்ணெய்க் கப்பல் மூழ்குகிறது, காப்பாற்றினால் சரக்கில் பங்கு தருகிறோம் என்று ஆட்கள் கூவ, காவலர்கள் கதவைத் திறந்ததும் படை உள்ளே பாய்ந்தது என்கிறார் வரலாற்றாசிரியர் டூக்காஸ். அதற்குக் கைம்மாறாக யோவான் 1355-இல் தம் சகோதரி மரியாவை அவருக்கு மணமுடித்து, லெஸ்போஸையும் கொடுத்தார்.

கோட்டைச் சுவரில் பதித்திருக்கும் பளிங்குப் பலகையின் முன் வெகுநேரம் நின்றேன். யோவானின் அரச குலமான பாலையோலோகர்களின் கழுகும், ஓடு வேய்ந்ததுபோல் ஒன்றன்மேல் ஒன்று படிந்த கத்திலூசியோக்களின் மீன்செதில் சின்னமும் அதில் அருகருகே இருக்கின்றன. மணவுறவின் பெருமையை அவர் கல்லிலேயே பொறித்துவைத்தது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அது வெறும் அலங்காரமும் அன்று. மைத்துனருக்கு அவர் கடைசிவரை துணை நின்றார். 1366-இல் சவோய் கோமகன் ஆறாம் அமதேயோவோடு சேர்ந்து கலிபோலியை ஒட்டோமானியரிடமிருந்து மீட்டார். 1369-இல் யோவான் ரோமுக்குச் சென்று கத்தோலிக்கத்தை ஏற்றபோதும் உடனிருந்தார்.

அவரது முடிவை நினைத்தால் இப்போதும் மனம் கனக்கிறது. 1384 ஆகஸ்ட் 6 அன்று நேர்ந்த நிலநடுக்கத்தில் கோட்டை இடிந்து, அவரும் ஆந்த்ரோனிகோ, தொமெனிகோ என்ற இரு மகன்களும் மாண்டனர். இளைய மகன் யாக்கோப்போ மட்டும், கோட்டைக்குக் கீழே ஒரு திராட்சைத் தோட்டத்தில் மறுநாள் உயிரோடு கண்டெடுக்கப்பட்டான் என்று, 1403-இல் தைமூரைக் காணச் செல்லும் வழியில் இத்தீவில் தங்கிய காஸ்டிலியத் தூதர்கள் கேட்டறிந்தனர். தந்தையின் பெயரைச் சூடி, இரண்டாம் ஃபிரான்செஸ்கோவாக அவன் ஆட்சிக்கு வந்தான். 1462-இல் ஒட்டோமானிய சுல்தான் இரண்டாம் மெஹ்மத் தீவைக் கைப்பற்றும்வரை ஆட்சி அக்குடும்பத்திடமே இருந்தது.

அந்தி சாயும் நேரத்தில் மதிலோரம் நின்று குனிந்து பார்த்தேன். சரிவு முழுவதும் பைன் மரங்கள். அவற்றுக்கு அப்பால் கடல்.