ஏம்ஸ் ஊரும் மொரில் போட்ட சட்டமும்

ஏம்ஸிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் மக்காச்சோளமும் சோயாவும்தான். அயோவா மாநிலத்தின் நடுவே, இந்த வயற்காட்டுக்குள் இவ்வளவு பெரிய பல்கலைக்கழகத்தை யார் கொண்டுவந்து வைத்தார்கள் என்று வந்த புதிதில் வியப்பாக இருக்கும். கணவருக்கு அங்கே முனைவர் பட்ட ஆய்வு. எனக்கு வேலை பார்க்க அனுமதியில்லாத விசா. பொழுது போக வேண்டுமே என்று சமூகத் தோட்டத்தில் ஒரு பாத்தி வாடகைக்கு எடுத்து மிளகாய், கத்தரி, பூசணி போட்டேன்.

ஜூலையில் பூசணிக் கொடி, எவ்வளவு தண்ணீர் விட்டாலும், துவண்டு விழுந்தது. பக்கத்துப் பாத்திக்காரர் சொல்லி, உழவர்களுக்கும் தோட்டம் போடுகிறவர்களுக்கும் ஆலோசனை சொல்லும் கவுண்டி (மாவட்ட) எக்ஸ்டென்ஷன் ஆபீஸுக்கு ஒரு தண்டை அறுத்துக்கொண்டு போனேன். அங்கிருந்த பெண்மணி அதன் அடிப்பகுதியைக் கத்தியால் நீளவாக்கில் கீறினார். உள்ளே ஈர மரத்தூள் போல எச்சம், நடுவில் கொழுத்த வெள்ளைப் புழு. மிச்சக் கொடியின் கணுக்களில் மண் அணைத்தால் புது வேர் விடும் என்றார். ஃபீஸ் எவ்வளவு என்று கேட்டேன். சிரித்துவிட்டு, "இது யுனிவர்சிட்டி வேலைதான்" என்றார்.

இந்த யுனிவர்சிட்டி வேலையின் வேரைத் தேடிப் போனால் ஜஸ்டின் மொரில் வருகிறார். வளாகத்தில் 1891இல் கட்டிய செங்கல் கட்டடம் ஒன்றுக்கு அவர் பெயர்தான். வெர்மான்ட் மாநிலத்து ஸ்ட்ராஃபோர்டில் 1810இல் ஒரு கொல்லர் வீட்டில் பிறந்தவர். வசதியில்லாமல் பதினைந்து வயதோடு பள்ளியை விட்டுவிட்டு, கடை வைத்துச் சம்பாதித்து, பிறகு அரசியலுக்கு வந்தார். உழவர், தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் கல்லூரி வேண்டும் என்று 1857இல் மசோதா கொண்டுவந்தார். 1859இல் அதிபர் புக்கானன் அதைத் தள்ளிவிட்டார். உள்நாட்டுப் போரில் தென்மாநில உறுப்பினர்கள் வெளியேறிய பிறகு மசோதா மறுபடி வந்தது. 1862 ஜூலை 2 அன்று லிங்கன் கையெழுத்திட்டார். முதலில் ஏற்றுக்கொண்ட மாநிலம் அயோவாதான். அந்தச் சட்டத்தின் உதவி ஏம்ஸ் கல்லூரிக்குத்தான் போனது.

வேளாண்மையும் இயந்திரத் தொழிலும் கற்பிக்க வேண்டும், ஆனால் மற்ற படிப்புகளை விலக்கக் கூடாது என்றது சட்டம். அப்புறம் 1887இல் ஆராய்ச்சி நிலையங்கள், 1914இல் நான் போய் நின்ற அந்த எக்ஸ்டென்ஷன் சேவை. 1890இல் மொரிலே கொண்டுவந்த இரண்டாவது சட்டம், கறுப்பின மாணவரைச் சேர்க்க மறுக்கும் மாநிலம் அவர்களுக்குத் தனிக் கல்லூரியாவது நடத்த வேண்டும் என்றது. பாதி நியாயம்தான். அடுத்த ஆண்டே, பின்னாளில் வேளாண் விஞ்ஞானியாகப் பேர் பெற்ற ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் ஏம்ஸில் முதல் கறுப்பின மாணவராகச் சேர்ந்தார். (இதையெல்லாம் படித்துவிட்டு இங்கே படிப்பு இலவசம் என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள். வெளிநாட்டு மாணவர் கட்டணம் கண்ணைக் கட்டும்.)

பணம் எங்கிருந்து வந்தது என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் உறுப்பினர் ஒருவருக்கு 30,000 ஏக்கர் வீதம் மாநிலங்களுக்கு மத்திய அரசு நிலம் கொடுத்தது. அதை வைத்துக் கல்லூரிக்கு நிதி திரட்டினார்கள். அது பூர்வகுடிகளிடமிருந்து ஒப்பந்தம் போட்டும் போடாமலும் பிடுங்கிய நிலம். இங்கிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய டாமாவில் மெஸ்க்வாக்கி மக்கள் இருக்கிறார்கள். அயோவாவை விட்டு விரட்டப்பட்டவர்கள், 1857இல், மொரில் தன் மசோதாவைக் கொண்டுவந்த அதே ஆண்டில், சொந்தக் காசு போட்டு 80 ஏக்கர் வாங்கித் திரும்பி வந்தார்கள். இன்றும் அங்கேதான் இருக்கிறார்கள்.