"தூக்கிட்டுப் போயிருவாகளாக்கா?"

அந்தக் கேள்வியைக் கேட்டபோதுதான் அவள் கை முதல்முறையாக நின்றது. அதுவரை நான் கேட்டதற்கெல்லாம் பூ கட்டிக்கொண்டேதான் பதில் சொன்னாள். புருஷன் திருப்பூர் போய் ஒன்றரை வருஷம், பணம் வருவதில்லை, வாடகை பாக்கி, எல்லாமே நார் இழுக்கிற வேகத்தில். அப்புறம் நிமிர்ந்து பார்த்து, "பிள்ளைய தூக்கிட்டுப் போயிருவாகளாக்கா?" என்றாள்.

"இல்லத்தா, அதெல்லாம் மாட்டாங்க" என்றேன்.

குழந்தைகள் பாதுகாப்பு வேலைக்குச் சேர்ந்த முதல் வாரப் பயிற்சியிலேயே சொல்லிவிடுவார்கள், உன் கையில் இல்லாததற்கு வாக்குக் கொடுக்காதே என்று. நானே புதுப் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். வாயில் எப்படி வந்தது என்று இரண்டு வருஷமாக யோசிக்கிறேன்.

பிள்ளைக்கு ஒன்பது வயசு. கெண்டைக்காலில் அம்மா சூடு போட்ட இடத்தில் பற்பசை தடவியிருந்தார்கள். அது காய்ந்து வெடித்து ஓரமெல்லாம் உதிர்ந்து, நடுவில் கரண்டியின் வளைவு அப்படியே தெரிந்தது. என்ன காரணம் என்றால், மதுரை மாட்டுத்தாவணிப் பூச்சந்தையிலிருந்து வந்த மல்லியை ஈரத்துணி போட்டு மூடி வை என்று சொல்லிவிட்டு அம்மா தண்ணீர் பிடிக்கப் போயிருக்கிறாள், இவள் தம்பியோடு விளையாடப் போய் மறந்துவிட்டாள். வெயில் பட்டு மொட்டெல்லாம் வாய் திறந்துவிட்டது. விரிந்த மல்லியை யார் வாங்குவார்கள்? மறுநாள் முகூர்த்தம் வேறு. வியாபாரி கூலியில் பிடித்துக்கொண்டான். நியாயப்படுத்தவில்லை. அந்தக் காலைப் பார்த்தவர்கள் யாரும் நியாயப்படுத்த மாட்டார்கள். ஆனால் பூ என்ன விலை விற்றது என்று கேட்காமல் அந்த வீட்டைப் புரிந்துகொள்ளவும் முடியாது.

பொறுப்பில் இருப்பவரே பிள்ளையைக் கொடுமை செய்தால் 2015 சிறார் நீதிச் சட்டத்தில் 75ஆம் பிரிவு இருக்கிறது. குழந்தைகள் உதவி எண்ணான 1098இல் யாரோ சொல்லித்தான் நான் அங்கே போயிருந்தேன். காயத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு வர முடியாது, வரவும் கூடாது. சாயங்காலமே மேலதிகாரிகளிடம் சொன்னேன், மறுநாள் பிள்ளையைக் குழந்தைகள் நலக் குழு முன்னால் நிறுத்தினோம், விசாரணை முடிகிறவரை காப்பகத்தில் இருக்கட்டும் என்றார்கள். அந்தம்மா சத்தம் போடவில்லை, அழவும் இல்லை. என்னை மட்டும் ஒரு தடவை பார்த்தாள்.

குழுவைக் குறை சொல்ல மாட்டேன். காப்பகம் கடைசி வழிதான் என்று அதே சட்டம் சொல்கிறது, அது அவர்களுக்கும் தெரியும். ஆனால் அவர்கள் முன்னால் இருந்தது ஒரு சின்னக் காலும் என் அறிக்கையும்தான். அந்த அறிக்கையில் பூ விஷயத்துக்கு நான் கொடுத்தது ஒரே ஒரு வரி.

எனக்கு நானே இப்படிச் சொல்லிக்கொள்வேன்: "தெரியலத்தா" என்று அன்றைக்குச் சொல்லியிருந்தால் ராத்திரியே இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறியிருப்பாள், புண்ணுக்கு மருந்துகூடப் போட்டிருக்க மாட்டார்கள், ஆக அந்தப் பொய்தான் பிள்ளையைக் காப்பாற்றியது. சரி. ஆனால் அது அன்றைக்கு எனக்கு மூன்றாவது வீடு, மத்தியானம் சாப்பிடவில்லை, அவள் அழ ஆரம்பித்தால் உட்கார்ந்து தேற்ற வேண்டுமே என்ற நினைப்பும் உள்ளே இருந்தது. பிள்ளைக்காகச் சொன்னேனா, சீக்கிரம் எழுந்து வருவதற்காகச் சொன்னேனா?

இருபத்து மூன்றாம் நாள் பிள்ளை வீட்டுக்கு வந்துவிட்டது. மிஷன் வாத்சல்யா என்கிற மத்திய அரசுத் திட்டத்தில் நிதி ஆதரவு, மாதம் 4,000 ரூபாய், அதற்கும் நான்தான் அலைந்து எழுதிப் போட்டேன், சில மாதம் கழித்துக் கிடைத்தது. அதற்கு அப்புறம் சூடு கிடையாது, பிள்ளை பள்ளிக்கூடம் ஒழுங்காகப் போகிறது. கோப்பைப் பார்த்தால் நல்லபடியாக முடிந்த விஷயம்தான். பக்கத்து வீட்டுக்காரிதான் போன் பண்ணினாள் என்று நினைத்து அவளோடு இவள் இன்றுவரை பேசுவதில்லை. அது அவள் இல்லை, ஆனால் அதைச் சொல்லக்கூட எனக்கு வழியில்லை.

முதல் நாள் நான் போனபோது "வாங்கக்கா" என்று பலகையை நகர்த்திப் போட்டாள். இப்போது எழுந்து நிற்கிறாள். எந்தத் தாளை நீட்டினாலும் என்ன ஏது என்று கேட்காமல் கையெழுத்துப் போடுகிறாள்.

போன மாதம் செல்லூர்ப் பக்கம் ஒரு வீடு. தறிச் சத்தத்துக்கு நடுவில் ஒருத்தி இதே கேள்வியைக் கேட்டாள், கிட்டத்தட்ட இதே வார்த்தையில். இந்தத் தடவை ஒழுங்காகச் சொன்னேன்: "அத முடிவு பண்றது நான் இல்லத்தா, குழுதான். பெரும்பாலும் வீட்டுலயேதான் இருக்கச் சொல்வாங்க, ஆனா நான் உறுதி சொல்ல முடியாது." தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். பையன் தூங்குகிறான், நாளைக்கு வாங்க என்றாள். எழுப்பச் சொல்லியிருக்கலாம். அவ்வளவு நேர்மையாகப் பேசிவிட்டு அதட்டுவதா என்று தோன்றியது, வந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் போனால் பூட்டு. உசிலம்பட்டிப் பக்கம் அம்மா வீட்டுக்குப் போய்விட்டதாகப் பக்கத்தில் சொன்னார்கள். எந்த ஊர் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன், தினமும் ஒரு தடவை போன் பண்ணிக் கேட்கிறேன். பையனுக்கு ஆறு வயசு.