கீழ்வீட்டு சாக்ஸபோன்கள்

ஜெர்மனியின் டிரெஸ்டனில் வாடகைக்கு வீடு எடுத்தால் சாவியோடு விதிகள் அச்சிட்ட தாளும் கைக்கு வரும். இரவு பத்துக்குமேல் சத்தம் கூடாது. ஞாயிற்றுக்கிழமை சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. இப்படிப்பட்ட கட்டடத்தில், கீழ்வீட்டில் வாரம் ஒரு மாலை நான்கு சாக்ஸபோன்கள் முழங்குகின்றன. ஒருவரும் முறையிடுவதில்லை.

அந்த வீட்டு அம்மையார் ஓய்வுபெற்ற ஆசிரியை, பாரிடோன் என்ற பெரிய சாக்ஸபோனை வாசிக்கிறார். படிக்கட்டில் வணக்கம் சொல்லிப் பழகிய பிறகு ஒத்திகைக்கு அழைத்தார். சாக்ஸபோன் என்றால் எனக்குக் கத்ரி கோபால்நாத்தான். இவர்கள் எடுத்ததோ சோவியத் இசையமைப்பாளர் ஷோஸ்டகோவிச்சின் எட்டாவது குவார்ட்டெட், அதாவது நால்வர் சேர்ந்து வாசிக்கும் படைப்பு. தந்திக் கருவிகளுக்கு எழுதப்பட்டது. ஸ்டாலின் காலத்தில் 1936இலும் 1948இலும் அரசின் கண்டனத்துக்கு ஆளானவர் அவர். 1960 ஜூலையில், இங்கிருந்து எளிதாகப் போய்வரக்கூடிய கோரிஷ் என்ற சிற்றூரில் தங்கி மூன்றே நாளில் இதை முடித்தார். ‘பாசிசத்துக்கும் போருக்கும் பலியானவர்களுக்கு’ என்று காணிக்கை. நண்பருக்கு எழுதிய கடிதத்திலோ தன் நினைவுக்கே எழுதியதாகச் சொன்னார்.

தன் பெயரின் எழுத்துகளை நான்கு சுரங்களாக்கிப் படைப்பு முழுவதும் பதித்திருக்கிறார். நம் கணக்கில் ரி, க, ஸ, நி. சாதாரண காந்தாரமும் காகலி நிஷாதமும் சேர்ந்ததும் என் காது கீரவாணிக்குத் தாவியது. ராகமாக விரியும் என்று காத்திருந்தால் ஏமாற்றம்தான். அந்த நான்கு சுரங்களே திரும்பத் திரும்ப வந்து நிற்கின்றன.

நான்காம் பகுதியில் நீண்ட ஒற்றைச் சுரத்தின் மீது மூன்று அடிகள் விழுகின்றன. நள்ளிரவில் கதவைத் தட்டும் ரகசியப் போலீஸ் என்பார்கள் சிலர், குண்டுவீச்சு என்பார்கள் சிலர். கிழக்கு ஜெர்மனியில் வளர்ந்த அம்மையாருக்குக் கதவுதான். அதில் விவாதத்துக்கே இடமில்லை. வயலினில் வில்லைத் திருப்பினால் சுரம் நீளும், சாக்ஸபோனில் மூச்சு தீர்ந்துபோகும். ஒருவர் மூச்சு வாங்கும் ஒலி கேட்கும்போதுதான் அடுத்த அடி விழுகிறது. இந்த இடத்தில் மூலத்தைவிட இதுவே எனக்குப் பிடித்திருக்கிறது.

1938இல் டுசல்டார்ஃபில் நாஜிகள் ‘சீரழிந்த இசை’ என்று கண்காட்சி நடத்தியபோது, அதன் சுவரொட்டியில் கேலிச்சித்திரமாக வரைந்தது சாக்ஸபோன் வாசிக்கும் கறுப்பினத்தவரை. கருவியே குற்றவாளி! இந்தக் குழுவினர் தடைபட்டவர்களின் இசையாகத் தேடியெடுப்பதில் நியாயம் இருக்கிறது.

அடுத்தது, 1944இல் நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் கொல்லப்பட்ட செக் இசையமைப்பாளர் பாவெல் ஹாஸின் இரண்டாவது குவார்ட்டெட். அதன் கடைசிப் பகுதியில் தாளவாத்தியமும் சேரலாம். மிருதங்கம் வாசிப்பீர்களா என்று கேட்டார் அம்மையார். என் தம்பி வாசிப்பான், கோயம்புத்தூரில் இருக்கிறான் என்றேன். எப்போது வருவான் என்று நாட்காட்டியை எடுத்துவிட்டார்.