கீழே விளக்கு இல்லாத இரவு

விமானத்திலிருந்து ஒருவர் இருட்டில் குதிக்கிறார் என்றால் நம் கவனம் முழுக்க அவர் மேலேயே இருக்கும். அவர் பயந்தாரா, பாராசூட் விரிந்ததா, எங்கே விழுந்தார் என்றுதான் கேட்போம். டென்மார்க்கில் இரண்டாம் உலகப்போர் சமயத்தில் பிரிட்டன் இறக்கிவிட்ட ரகசிய ஏஜென்ட்களைப் பற்றி ஒரு மாதமாகக் கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு மண்டையில் ஓடிக்கொண்டே இருந்தது வேறு ஒரு கேள்வி. அவர் தரையில் வந்து விழும்போது அங்கே யார் நின்றிருந்தார்கள்?

முதல் இருவருக்கு யாரும் இல்லை.

1941 டிசம்பர் 27 இரவு, விடிந்தால் 28. கார்ல் யோஹன் புரூன், மோகென்ஸ் ஹாம்மர் என்று இரண்டு டேனிஷ்காரர்கள். புரூன் பிரிட்டனில் மருத்துவம் படித்து முடித்தவர், டென்மார்க்கில் எதிர்ப்பு இயக்கம் ஒன்றைக் கட்டியெழுப்புவதற்காக அனுப்பப்பட்ட தலைவர் அவர்தான். ஹாம்மர் அவருடைய ரேடியோ ஆபரேட்டர். அனுப்பியது எஸ்.ஓ.ஈ., அதாவது ஜெர்மனி பிடித்துவைத்திருந்த நாடுகளுக்குள் நாசவேலை செய்ய 1940 ஜூலையில் பிரிட்டன் உருவாக்கிய ரகசிய அமைப்பு. அவர்கள் ஏறியது விட்லி என்ற குண்டுவீச்சு விமானம். அதில் குதிப்பதற்குக் கதவு கிடையாது, தரையில் ஒரு வட்ட ஓட்டைதான். அதன் விளிம்பில் காலைத் தொங்கவிட்டு உட்கார வேண்டும், முதுகு விறைப்பாக இருக்க வேண்டும், கொஞ்சம் குனிந்தால் எதிர் விளிம்பில் முகம் மோதி மூக்கு உடையும். பாராசூட்டைத் திறக்க அவர்கள் எதையும் இழுக்க வேண்டியதில்லை. விமானத்தோடு கட்டப்பட்ட ஒரு கயிறு, ஆள் விழும் வேகத்தில் பாராசூட்டைப் பையிலிருந்து உருவிவிடும். குதிப்பவர் செய்ய வேண்டியது அந்த ஓட்டைக்குள் தன்னை விடுவது மட்டும்தான்.

ஷெலான் தீவில் ஹஸ்லெவ் என்ற ஊருக்குப் பக்கத்தில் இருவரும் குதித்தார்கள். புரூனின் பாராசூட் விரியவில்லை.

ரேடியோ அவரோடுதான் இருந்தது, அதுவும் நொறுங்கியது. திட்டத்தின் தலைவர் போய்விட்டார், லண்டனோடு பேச இருந்த ஒரே வழியும் போய்விட்டது. டிசம்பர் குளிரில், நள்ளிரவில், ஒரு வயல்வெளியில் ஹாம்மர் தனியாக நின்றார். விடிந்ததும் புரூனின் உடல் கண்டெடுக்கப்பட்டது, ஆக பிரிட்டன் ஆள் இறக்கத் தொடங்கிவிட்டது என்பது முதல் நாளே அதிகாரிகளுக்குத் தெரிந்துவிட்டது. ஹாம்மர் எப்படியோ கோபன்ஹேகன் போய்ச் சேர்ந்து தலைமறைவானார். நான் இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து போய்விட்டேன், அன்று மேற்கொண்டு படிக்க முடியவில்லை. ஒரு நாட்டின் ஆயுதப் போராட்டத்துக்கு வெளியிலிருந்து வந்த முதல் உதவி இப்படித் தரையில் மோதிச் செத்ததை ஏற்றுக்கொள்ளக் கொஞ்ச நேரம் தேவைப்பட்டது.

யாரும் காத்திருக்கவில்லை என்று நான் சொல்வது வயலை மட்டும் வைத்து இல்லை. அன்றைய டென்மார்க்கே அப்படித்தான் இருந்தது. 1940 ஏப்ரல் 9 அன்று ஜெர்மன் படை உள்ளே வந்தது, சில மணி நேரத்தில் சண்டை முடிந்தது, அப்புறம் போலந்திலோ நார்வேயிலோ நடக்காத ஒன்று இங்கே நடந்தது. அரசர் இருந்தார், நாடாளுமன்றம் இருந்தது, அமைச்சர்கள் தினமும் அலுவலகம் போனார்கள், டேனிஷ் போலீஸ் வழக்கம்போல வேலை பார்த்தது. ஒத்துழைப்பு என்பதுதான் அரசின் கொள்கை. அதனால் பல உயிர்கள் தப்பின என்பதையும் மறுக்க முடியாது, அந்த அரசியல்வாதிகளை ஒரே வார்த்தையில் துரோகிகள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் வானத்திலிருந்து வந்து விழுந்தவனுக்கு இதன் அர்த்தம் ஒன்றுதான்: உன்னைத் தேடி வருபவன் உன் மொழியிலேயே பேசுவான்.

நாட்டின் அமைப்பும் கைகொடுக்கவில்லை. நார்வேயில் ஓடி ஒளிய மலை உண்டு, காடு உண்டு. டென்மார்க்கின் மிக உயரமான இடமே சுமார் 170 மீட்டர்தான். எங்கு பார்த்தாலும் உழுத நிலம், பண்ணை வீடுகள், ஆளுக்கு ஆள் தெரிந்த கிராமங்கள். ஒரு தீவிலிருந்து இன்னொன்றுக்குப் போகப் படகுத்துறையில் வரிசையில் நிற்க வேண்டும். கோடைக்காலத்தில் இரவு சரியாக இருட்டுவதே இல்லை, விமானம் மறைந்து வந்து திரும்புவதற்குள் வெளுத்துவிடும். ஆக மனிதர்களைத் தவிர ஒளிந்துகொள்ள அங்கே வேறு இடம் இல்லை, அந்த மனிதர்களோ இன்னும் முடிவு செய்யவில்லை.

1942 ஏப்ரலில் அடுத்த குழு இறங்கியது. தலைவர் கிறிஸ்டியன் மிக்கேல் ரொட்பல், 25 வயதைத் தாண்டாத இளைஞர். கூட வந்தவர்களில் பால் யோஹானசென் ரேடியோ ஆபரேட்டர். ரேடியோ ஆபரேட்டர் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் அதுதான் இருப்பதிலேயே ஆபத்தானது. செய்தி அனுப்பும் ஒவ்வொரு நிமிடமும், அலை எங்கிருந்து வருகிறது என்று தேடும் ஜெர்மன் வண்டிகள் நெருங்கிக்கொண்டே இருக்கும். அவருக்கு அது கேட்காது, காதில் ஹெட்போன், விரல் மோர்ஸ் தந்தி விசையில். 1942 செப்டம்பர் 5 அன்று யோஹானசென் இருந்த வீட்டைச் சுற்றி வளைத்தார்கள். துப்பாக்கிச் சண்டையில் ஒரு டேனிஷ் போலீஸ்காரர் இறந்தார். யோஹானசென் சயனைடு மாத்திரையைக் கடித்தார். மூன்று வாரம் கழித்து, செப்டம்பர் 26 அன்று, ரொட்பல் தங்கியிருந்த இடத்துக்கு டேனிஷ் போலீஸ் வந்தது, கைது செய்யும்போது நடந்த மோதலில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

ஒரு வருஷத்துக்குள் இரண்டு தலைவர்கள் போய்விட்டார்கள். சொல்லிக்கொள்ளும்படி ஆயுதம் எதுவும் வந்து இறங்கவில்லை. பாலம் எதுவும் வெடிக்கவில்லை. இதைத் தோல்வி என்றுதான் சொல்ல வேண்டும், நான் அதை மெழுகிப் பூசப் போவதில்லை. டேனிஷ் ராணுவத்தின் உளவுத்துறை அதிகாரிகளே ஸ்டாக்ஹோமில் இருந்த டேனிஷ் பத்திரிகையாளர் எப்பே முங்க் வழியாக லண்டனுக்கு அருமையான தகவல்களை அனுப்பிக்கொண்டிருந்தார்கள், நாட்டுக்குள் நாசவேலை எதுவும் வேண்டாம், அமைதி கெட்டுவிடும் என்பது அவர்கள் நிலைப்பாடு. நாசவேலைக்கு ஆள் அனுப்பிய லண்டனுக்கும் அது வேண்டாம் என்ற இந்த அதிகாரிகளுக்கும் நடுவில் ஏஜென்ட்கள் மாட்டிக்கொண்டார்கள்.

இந்த இருட்டான வருஷத்தில் ஒரு நல்ல விஷயம் நடந்தது, எனக்கு ரேடியோ பிடிக்கும் என்பதால் இதை விட்டுவிட மாட்டேன். பாங் அண்ட் ஒலுஃப்சென் என்ற கம்பெனியை இன்று விலையுயர்ந்த ஸ்பீக்கர்களுக்காகத் தெரியும். அங்கே வேலை பார்த்த பொறியாளர் எல். ஏ. டூஸ் ஹான்சென் இந்த ஏஜென்ட்களோடு சேர்ந்துகொண்டார். பிரிட்டனிலிருந்து வந்த ரேடியோக்கள் கனமானவை, தூக்கிக்கொண்டு தெருவில் நடந்தாலே சந்தேகம் வரும். கோபன்ஹேகனில் பல இடங்களில் வீட்டு மின்சாரமே நேர்மின்சாரமாக இருந்ததால் அவை சரியாக வேலையும் செய்யவில்லை. டூஸ் ஹான்சென் டென்மார்க்கில் கிடைத்த பாகங்களை வைத்தே, நேர்மின்சாரம், மாறுமின்சாரம் இரண்டிலும் ஓடும் ஒரு சின்ன ரேடியோவைத் தானே வடிவமைத்தார். அளவு ஒரு டெலிபோன் டைரக்டரி அளவு, அதனால் பெயரே 'டெலிபோன் புத்தகம்' என்று ஆகிவிட்டது. கைப்பையில் போட்டுக்கொண்டு டிராமில் போகலாம். வெளியிலிருந்து வந்த ஆளால் சாதிக்க முடியாததை உள்ளூர்க்காரர் ஒருவர் தன் மேசையில் உட்கார்ந்து தீர்த்துவைத்தார். என்னைக் கேட்டால் டென்மார்க்கின் கதை திரும்பிய இடம் இதுதான், முதல் முறையாகக் கீழே ஒருவர் நின்றிருக்கிறார். (1945 ஜனவரியில் அந்தக் கம்பெனியின் தொழிற்சாலையை ஜெர்மன் ஆதரவுக் கும்பல் குண்டு வைத்துத் தகர்த்தது.)

ஹாம்மரை மறந்துவிடவில்லை. அவர் இடையில் பிரிட்டனுக்குத் திரும்பினார். 1942 அக்டோபரில் மறுபடியும் டென்மார்க்குக்கு அனுப்பப்பட்டார், இந்த முறை தண்ணீர் புகாத உடை ஒன்றைப் போட்டுக்கொண்டு கடலில் குதித்துக் கரையேறினார். புரூனின் பாராசூட் விரியாமல் போன அதே இரவில் அதே ஓட்டை வழியாகக் குதித்தவர், பத்து மாதத்தில் இரண்டாவது தடவையும் குதிக்கச் சம்மதித்தார். இதைப் பற்றி நான் எதுவும் கூடுதலாக எழுத விரும்பவில்லை, அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன், அவ்வளவுதான்.

1943-ல் நிலைமை மாறியது. பிப்ரவரியில் ஓலே கைஸ்லரும் இன்னும் மூவரும் இறங்கினார்கள், மார்ச்சில் புதிய தலைவராக ஃபிளெமிங் மூஸ் தன் குழுவோடு வந்தார். மூஸ் சர்ச்சைக்குரிய ஆள், போர் முடிந்தபின் இயக்கத்தின் பணத்தைக் கையாண்ட விஷயத்தில் வழக்கு வரை போய் மன்னிப்புப் பெற்றவர், ஆனால் சிதறிக் கிடந்த குழுக்களை ஒன்றாக இழுத்துக் கட்டியதில் அவர் பங்கு பெரியது. ஆயுதங்கள் வரத் தொடங்கின. ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவான உலோக உருளைகள், உள்ளே ஸ்டென் துப்பாக்கி, பிளாஸ்டிக் வெடிமருந்து, பாராசூட்டோடு வந்து விழும். விழுந்தால் போதாதே. யாராவது விளக்குக் காட்ட வேண்டும், தூக்க வேண்டும், மறைக்க வேண்டும், பாராசூட் துணி ஒரு முழம்கூட வயலில் கிடக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், காலையில் எதுவும் தெரியாததுபோல மாட்டுக்குத் தீவனம் வைக்க வேண்டும்.

விட்ஸ்டென் என்ற சிற்றூர் டென்மார்க்கின் மேற்குப் பகுதியான ஜட்லாந்தில் ரானர்ஸ் நகருக்கு வடக்கே இருக்கிறது. 17-ஆம் நூற்றாண்டிலிருந்து அங்கே ஒரு சாலையோர விடுதி. அதை நடத்தியவர் மாரியுஸ் ஃபீல், மனைவி, மகன், மகள்கள் என்று பெரிய குடும்பம். ஒரு நாள் ஓர் ஏஜென்ட் வந்து உதவி கேட்டார், ஃபீல் சரி என்றார். மகன் நீல்ஸ், மருமகன் பீட்டர், ஊர்க் கால்நடை மருத்துவர், மெக்கானிக் என்று ஏற்கெனவே ஒருவரையொருவர் தெரிந்த ஆட்களே குழுவானார்கள். பிபிசியின் டேனிஷ் ஒலிபரப்பை ஊரே கேட்கும், செய்திக்கு நடுவே யார் யாருக்கோ வாழ்த்துச் சொல்வார்கள், அதில் ஒரு வாழ்த்து இவர்களுக்கானது. அதைக் கேட்டால் இன்றிரவு விமானம் வருகிறது. பக்கத்துப் புதர்வெளியில் போய் இருட்டில் காத்திருப்பார்கள், எஞ்சின் சத்தம் நெருங்கியதும் டார்ச் விளக்குகளை மேலே காட்டுவார்கள். ஊர் முழுக்க இருட்டடிப்பு, ஜன்னலில் ஒரு கீற்று வெளிச்சம் கசிந்தாலும் குற்றம் என்ற காலத்தில், நாலைந்து பேர் வெட்டவெளியில் நின்று வானத்துக்கு விளக்குக் காட்டுகிறார்கள். ஆயுதங்களும் இறங்கின, ஆட்களும் இறங்கினார்கள், இறங்கியவர்களுக்கு விடுதியில் சூடாகச் சாப்பாடும் கிடைத்தது.

1943 ஆகஸ்ட் 29 அன்று, வேலைநிறுத்தங்களும் நாசவேலைகளும் பெருகி, ஜெர்மனியின் கெடுபிடிக்கு இணங்க அரசு மறுத்ததோடு ஒத்துழைப்புக் காலம் முடிந்தது. செப்டம்பரில் எதிர்ப்பு இயக்கங்கள் சேர்ந்து டென்மார்க் விடுதலைக் குழுவை அமைத்தன, அதில் மூஸும் இருந்தார். அதே வருஷக் கடைசியில் ஓர் ஏஜென்ட் ஜெர்மன் ரகசியப் போலீஸான கெஸ்டாபோவிடம் பிடிபட்டார், விசாரணையில் பெயர்கள் வெளியே வந்தன. அந்த ஏஜென்ட்டின் பெயரை இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை. அந்த அறையில் என்ன நடந்திருக்கும் என்று தெரிந்துகொண்டு அவரைக் குறைசொல்ல நான் யார்?

1944 மார்ச்சில் விடுதிக்கு கெஸ்டாபோ வந்தது. ஜூன் 29 அதிகாலையில் கோபன்ஹேகன் ரியுவாங்கன் மைதானத்தில் எட்டுப் பேரைச் சுட்டுக் கொன்றார்கள். மாரியுஸ் ஃபீல், மகன் நீல்ஸ், மருமகன் பீட்டர் மூவரும் அதில் அடக்கம். மகள் கிர்ஸ்தினேவுக்கு ஆயுள் தண்டனை. ஒரே காலையில் அவர் அப்பா, உடன்பிறந்த நீல்ஸ், கணவர் பீட்டர் மூவரும் போய்விட்டார்கள். அவர் சிறையைக் கடந்து உயிரோடு வீடு திரும்பினார். அந்த வாரம் கோபன்ஹேகன் ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்தது, இந்தச் செய்தி பரவிய மறுநாள் நகரமே வேலைநிறுத்தத்தில் இறங்கியது.

டென்மார்க்கில் குதித்த ஏஜென்ட்கள் ஐம்பது சொச்சம் பேர்தான். அவர்கள் பெயர்கள் பட்டியலாக இருக்கின்றன. அவர்களுக்காக விளக்குக் காட்டியவர்களில் விட்ஸ்டென்காரர்கள் செத்ததால் நமக்குத் தெரிகிறார்கள். பிடிபடாமல் வேலையை முடித்துவிட்டுப் பேசாமல் வீட்டுக்குப் போனவர்கள் எத்தனையோ பேர். அவர்களைப் பற்றி நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

1945 மே 4 மாலை எட்டரை மணி தாண்டி, அதே பிபிசி டேனிஷ் ஒலிபரப்பில், டென்மார்க்கில் இருக்கும் ஜெர்மன் படைகள் சரணடைந்தன என்ற செய்தி வந்தது. ஜனங்கள் இருட்டடிப்புத் திரைகளைக் கிழித்து எறிந்துவிட்டு ஜன்னல்களில் மெழுகுவர்த்தி ஏற்றி வைத்தார்கள். இன்றும் மே 4 மாலை டேனிஷ் வீடுகளில் ஏற்றுகிறார்கள்.