பிறப்புப் பத்திரத்தில் என் பெயர்

வயிற்றில் பிள்ளை இருப்பது உறுதியானபோது எனக்கு நான்கு மாதம் முடிந்திருந்தது. மலேசியாவில், பினாங்கு பாயான் லெப்பாஸில் ஒரு ஃபேக்டரியில் ஆப்பரேட்டர் வேலை, பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட். நாள் தள்ளிப் போனதற்கெல்லாம் இரவு வேலையைக் காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன். விஷயம் தெரிந்ததும் பிள்ளைக்குத் தகப்பனானவன் நம்பரை மாற்றிவிட்டான். கெடாவில் இருக்கும் அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. இந்த நிலைமையில் என்ன செய்வது, யாரிடம் போவது என்று அப்போது எவ்வளவோ தேடினேன். நம் பெண் ஒருத்தி எழுதியது எதுவும் கண்ணில் படவில்லை. அதனால் எழுதுகிறேன்.

முதலில் வந்தது தப்பான வழி. ஸ்கேன் எடுக்கப் போன இடத்தில் ஒரு பெண்மணி வாசல்வரை கூடவே வந்தார். "ஏம்மா முகம் வாடிப் போயிருக்கு? நல்ல குடும்பம் இருக்கு" என்றார். எட்டாயிரம் வெள்ளி (ரிங்கிட்) தருவார்களாம். பிரசவத்துக்கு அவர்களே இடம் பார்ப்பார்கள். பிறப்புப் பத்திரத்தில் நேராக அந்தத் தம்பதியின் பெயர்தான் ஏறும், என் பெயர் எங்கேயும் வராது. "நாளைக்கு உனக்குக் கல்யாணம் காட்சின்னு நடக்கணும்ல" என்றார். உண்மையைச் சொல்கிறேன், பணத்தைவிட அந்தப் பேச்சுதான் என்னை இழுத்தது. மூன்று நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

தடுத்தது என்னோடு அறையில் தங்கியிருந்த அக்கா. அவர் சொந்தத்தில் ஒரு பையன் அப்படித்தான் வந்தவன். பன்னிரண்டு வயதில் ஐசி (அடையாள அட்டை) எடுக்கப் போன இடத்தில் குட்டு வெளிப்பட்டது. பெற்றவள் யாரென்று காட்ட ஒரு துண்டுக் காகிதம் இல்லை. 'புக்கான் வார்கானெகாரா' என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இங்கேயே பிறந்து, இங்கேயே தமிழ்ப்பள்ளியில் படித்த பையன், குடிமகன் இல்லையாம். "உன் பேரை மறைச்சா உனக்குக் கறை இல்ல, சரி. அந்தப் புள்ளைக்கு நாடே இல்லாமப் போயிடும்" என்றார் அக்கா. காசு வாங்கிப் பிள்ளையைக் கைமாற்றுவது 2001ஆம் ஆண்டு சிறார் சட்டப்படி குற்றம் என்பதும், அதில் பங்கெடுக்கும் எல்லோரும் மாட்டுவார்கள் என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அரசாங்க கிளினிக்கில் பிங்க் புத்தகம், அதாவது கர்ப்பிணிகளுக்கான பதிவுப் புத்தகம் போட்டேன். கணவர் பெயர், ஐசி எண் கேட்கும் இடத்தில் மிஸ்ஸி (நர்ஸ்) பேனாவைப் பிடித்தபடி நிமிர்ந்து பார்த்தார். "இல்ல" என்றேன். ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போனார். நான் பயந்துகொண்டிருந்த பிரசங்கம் வரவே இல்லை. பிள்ளையை வளர்க்கும் நிலையில் நான் இல்லை என்று முதலில் வாய்விட்டுச் சொன்னதும் அவரிடம்தான். அரசாங்க உதவித் தொலைபேசியான தாலியான் காசே எண் 15999-ஐப் புத்தகத்தின் பின்னட்டையில் எழுதிக் கொடுத்தார். அங்கிருந்து சமூக நல இலாகா.

அதிகாரி ஒரு மலாய்க்காரப் பெண். நிதானமாகப் பேசினார். பிள்ளையை இலாகாவிடம் ஒப்படைத்தால் அவர்களே குடும்பம் பார்ப்பார்கள். எனக்குத் தெரிந்த குடும்பத்துக்கே கொடுக்க நினைத்தால் அதுவும் முடியும், ஆனால் கைமாறிய ஒரு வாரத்துக்குள் கொடுத்தவரும் எடுத்தவரும் இலாகாவுக்குத் தெரிவிக்க வேண்டும். அப்புறம் அவர் சொன்னதை நான் பிங்க் புத்தகத்திலேயே குறித்துக்கொண்டேன்: கோர்ட்டு ஆர்டர் வரும்வரை சட்டப்படி நான்தான் அம்மா. அன்று இரவுதான் பல நாளுக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன்.

அக்காவுக்குத் தெரிந்த ஒரு தம்பதி பட்டர்வொர்த்தில் இருந்தார்கள். கல்யாணமாகிப் பதினோரு வருடம், பிள்ளை இல்லை. எட்டாம் மாதம் ஃபெர்ரி ஏறி அவர்கள் வீட்டுக்குப் போனேன். அந்த அம்மா நான் மூச்சு வாங்குவதைப் பார்த்து, பேச்சே இல்லாமல் ஃபேனை என் பக்கம் திருப்பி வைத்தார். நான் கேள்விகளை எழுதிக்கொண்டு போயிருந்தேன். பிள்ளை கறுப்பாகப் பிறந்தால்? ஏதாவது குறையோடு பிறந்தால்? பிறகு உங்களுக்கே ஒரு பிள்ளை வந்தால்? தத்துப்பிள்ளை என்று அவனுக்கு எப்போது சொல்வீர்கள்? முதல் மூன்றுக்கும் அவர் கணவர் பதில் சொன்னார். நான்காவது கேள்விக்கு இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "அதை நாங்க இன்னும் பேசல. பேசிட்டுச் சொல்றோம்" என்றார் அந்த அம்மா. உடனே ஒரு பதிலைச் சொல்லியிருந்தால் ஒருவேளை நான் வேறு இடம் பார்த்திருப்பேன். இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டார்: "பள்ளிக்கூடம் போறதுக்கு முன்னாடியே சொல்லிடுவோம்."

பிள்ளையின் படத்தை எனக்கு அனுப்புவது பற்றியும் பேசினோம். இந்த ஊர்ச் சட்டத்தில் அதற்கெல்லாம் ஏற்பாடு கிடையாது, வெறும் வாய்வாக்குத்தான். வருடத்துக்கு இரண்டு படம் என்று ஒத்துக்கொண்டார்கள். கோர்ட்டு வழியாகத்தான் போக வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். தேசியப் பதிவிலாகா வழியாகப் போனால் பிள்ளை அவர்களிடம் இரண்டு வருடம் இருந்திருக்க வேண்டும். முஸ்லிம் அல்லாதவர்களுக்கான 1952ஆம் ஆண்டு தத்தெடுப்புச் சட்டத்தில் குறைந்தது மூன்று மாதம். அதோடு, கோர்ட்டு ஆர்டர் வந்தால் அவர்கள் பெயரில் புதுப் பிறப்புப் பத்திரமே கிடைக்கும். வக்கீல் செலவு அவர்களுடையது. எனக்கென்று நான் ஒரு காசும் வாங்கவில்லை, பழம் வாங்கித் தந்ததைத் தவிர.

பிரசவம் நல்லபடியாக நடந்தது. பையன். கஷ்டம் வார்டில்தான். ஒவ்வொரு ஷிஃப்ட் மாறும்போதும் புது மிஸ்ஸி வந்து, "ஏன் பால் கொடுக்கல?" என்று அதட்டினார். ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. முன்பே ஃபைலில் எழுதி வைக்கச் சொல்லியிருக்கலாம், எனக்குத் தோன்றவில்லை. இரண்டு இரவு அவனை என் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். பார்க்காமலே கொடுத்துவிடு, மனசு ஒட்டாது என்று சொன்னவர்கள் உண்டு. நான் கேட்கவில்லை. காலைப் பிரித்துப் பார்த்தேன். கட்டைவிரலைவிடப் பக்கத்து விரல் நீளம், அப்படியே என்னுடையது.

கொடுத்த அன்று நான் அழவில்லை. மூன்றாம் நாள் பால் கட்டிக்கொண்டு மார்பு கல்லாகிக் காய்ச்சல் அடித்தபோதுதான் வீடு அதிர அழுதேன். பால் வற்ற மாத்திரை இருக்கிறது, ஆனால் பெற்றவுடனே போட்டால்தான் நன்றாகக் கேட்கும். டாக்டரிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள். எனக்கு அக்கா லிட்டில் இந்தியாவில் மல்லிகைச் சரம் வாங்கிவந்து மார்போடு வைத்துக் கட்டினார், அவர் பாட்டி காலத்து வைத்தியம். அறை முழுக்கக் கல்யாண வீட்டு வாசனை.

பதினொன்றாம் நாள், பச்சை உடம்போடு பதிவிலாகாவுக்கு நானே போனேன். அறுபது நாள் அவகாசம் உண்டு, ஆனால் எனக்குப் பொறுமை இல்லை. கவுண்டரில் இருந்தவர் தகப்பன் விவரம் கேட்டார். இல்லை என்றேன். அந்த இடத்தில் 'மக்லுமாட் தீடாக் டிப்பெரோலே', அதாவது 'தகவல் கிடைக்கவில்லை' என்று அச்சாகி வந்தது. தாய் என்ற இடத்தில் என் முழுப்பெயர். குடியுரிமை: வார்கானெகாரா, குடிமகன். கல்யாணம் ஆகாமல் பெற்ற பிள்ளைக்குத் தாயின் குடியுரிமைதான் என்பதால், அந்த ஒரு சொல் என் பெயரை வைத்துத்தான் அவனுக்குக் கிடைத்தது. நின்ற இடத்திலேயே மூன்று முறை படித்தேன். ஒரு நகல் எடுத்துப் பிங்க் புத்தகத்துக்குள் வைத்தேன்.

வேலையிடத்தில் கல்யாணப் பத்திரம் கேட்டுக் கொஞ்சம் இழுத்தடித்தார்கள். 98 நாள் பிரசவ விடுப்பு பெற்றவளுக்கு உரியது, கல்யாணமானவளுக்கு மட்டும் என்று சட்டத்தில் இல்லை. அக்கா கூட வந்து பேசியதும் கொடுத்தார்கள்.

சம்மதப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டபோது அவனுக்கு நான்கு மாதம். முழுக்க மலாயில் இருந்ததால், எனக்கு ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிவிட்டுத்தான் வாங்க வேண்டும் என்றேன். வக்கீலுக்கு அவசரம், இருந்தாலும் உட்கார்ந்து சொன்னார். கோர்ட்டு நியமித்த நல அதிகாரி அவர்கள் வீட்டுக்கும் போனார், என்னையும் தனியாகக் கூப்பிட்டு, யாராவது கட்டாயப்படுத்தினார்களா என்று கேட்டார். ஆர்டர் வந்தபோது அவனுக்கு ஒன்பது மாதம். புதுப் பத்திரத்தில் நான் இல்லை. தெரிந்துதான் செய்தேன், இருந்தாலும் அன்று வேலைக்குப் போகவில்லை.

தைப்பூசத்துக்கு மறுநாள் முதல் படம் வந்தது. தண்ணீர்மலை முருகன் கோயில் படியில் இருவரும் கரும்புத் தொட்டில் தூக்கி நிற்கிறார்கள். அந்த அம்மாவின் முகம் வெயிலில் சிவந்திருக்கிறது. பிள்ளை முகம் தெரியவில்லை, மஞ்சள் துணிக்கு வெளியே ஒரு கால் மட்டும் தொங்குகிறது. படத்தைப் பெரிதாக்கி விரல்களைப் பார்த்தேன்.