கோட்டையிலிருந்து கடைமடை வரை: ஒரு சட்டமன்ற உறுப்பினரின் நாட்குறிப்பு

14 மார்ச் 2025, வெள்ளி

நிதியமைச்சர் தங்கம் தென்னரசு இன்று 2025-26க்கான நிதிநிலை அறிக்கையைத் தாக்கல் செய்தார். அவர் பேசி முடிப்பதற்குள்ளேயே தொகுதியிலிருந்து போன் வர ஆரம்பித்துவிட்டது. "நம்ம ஊருக்கு என்னக்கா இருக்கு?"

நமக்கு நேரடியாகத் தொடர்புள்ளவை இரண்டு. கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் இன்னும் 1 லட்சம் வீடுகள், ரூ.3,500 கோடி. வீட்டுக்கு ரூ.3.5 லட்சம். அடுத்தது கிராமச் சாலைகள்: 6,100 கிலோமீட்டர், ரூ.2,200 கோடி. இதில் நம் ஒன்றியத்துக்கு எத்தனை என்பது இன்றைய உரையில் வராது. 24ஆம் தேதி முதல் துறைவாரியாக மானியக் கோரிக்கை விவாதம், அதாவது ஒவ்வொரு துறைக்கும் எவ்வளவு பணம் என்று அவை பேசி ஒப்புதல் தருவது, நடக்கும். அங்கேயும், அதற்குப் பிறகு அதிகாரிகளின் அறைகளிலும் கேட்டுக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். கூரை வீட்டில் இருப்பவர்கள் தங்கள் பெயர் கணக்கெடுப்புப் பட்டியலில் இருக்கிறதா என்று ஒன்றிய அலுவலகத்தில் இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். பட்டியலில் பெயர் இல்லாமல் என்னிடம் வந்தால் என்னாலும் பெரிதாக எதுவும் செய்ய முடியாது.

27 மார்ச், வியாழன்

கேள்வி நேரத்தில் ஒரு துணை வினாவுக்கு வாய்ப்புக் கிடைத்தது. கடைமடை வாய்க்கால் மதகு துருப்பிடித்து, ஷட்டர் ஏறவும் மாட்டேன், இறங்கவும் மாட்டேன் என்று நிற்பதைச் சொன்னேன். வந்த பதில்: "நிதிநிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்."

இந்த வாக்கியத்தைக் கேட்டு நம் விவசாயிகள் மனம் தளர வேண்டாம். சபையில் சொன்னது பதிவேட்டில் ஏறிவிட்டது. அமைச்சர்கள் அவையில் கொடுக்கும் வாக்குறுதிகள் நிறைவேறினவா என்று பார்ப்பதற்கென்றே அரசு உறுதிமொழிக் குழு என்று ஒன்று இருக்கிறது. மதகின் போட்டோக்களோடு துறைக்கும் தனியாகக் கடிதம் கொடுத்துவிட்டேன்.

8 ஏப்ரல், செவ்வாய்

ஆளுநர் நிறுத்தி வைத்திருந்த 10 மசோதாக்களுக்கும் ஒப்புதல் கிடைத்ததாகவே கருதப்படும் என்று உச்ச நீதிமன்றம் இன்று தீர்ப்பளித்தது. முழுமையான நீதி வழங்க உச்ச நீதிமன்றத்துக்குத் தனி அதிகாரம் தரும் அரசியல் சட்டத்தின் 142ஆவது பிரிவைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். முதலமைச்சர் அவையிலேயே அறிவித்தபோது எழுந்த மேஜை தட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

அந்த மசோதாக்களில் இரண்டு 2020இல், போன ஆட்சியில் நிறைவேறியவை. 10ஐயும் ஆளுநர் திருப்பி அனுப்பியதால், 2023 நவம்பர் 18 அன்று சிறப்புக் கூட்டம் கூட்டி மறுபடியும் நிறைவேற்றினோம். கட்சி எதுவாக இருந்தாலும் சரி, மக்கள் தேர்ந்தெடுத்த அவை நிறைவேற்றிய ஒன்று இத்தனை ஆண்டுகள் முடங்கிக் கிடப்பது சரியில்லை. அவையில் கை தூக்குவதோடு எங்கள் வேலை முடிந்துவிடுவதில்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

13 ஏப்ரல், ஞாயிறு

ஊரில் இருந்தேன். காலையில் பகுதி நேர ரேஷன் கடைக்கு இடம் பார்த்தோம். ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் தெருக்காரர்கள் அரிசி வாங்கப் பாலம் சுற்றி வர வேண்டியிருக்கிறது. இடம் அமைந்துவிட்டது. புறம்போக்குதான், தகராறு இல்லை.

அங்கே ஒரு பெரியவர் கேட்டார்: "வருஷத்துக்கு மூணு கோடி குடுக்குறாங்களாமே தாயி, அதுலேர்ந்து எங்க தெருவுக்கு ஒரு ரோடு போட்டுட்டுப் போயேன்." கேள்வியில் தப்பே இல்லை. நிறையப் பேர் இப்படித்தான் நினைத்திருக்கிறார்கள், அதனால் விளக்கமாகவே எழுதுகிறேன்.

தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு ரூ.3 கோடி. அதில் ஒரு ரூபாய்கூட என் கைக்கு வராது. நான் பரிந்துரைக் கடிதம் கொடுப்பேன். ஒன்றியப் பொறியாளர்கள் எஸ்டிமேட் போடுவார்கள். மாவட்ட ஆட்சியர் நிர்வாக அனுமதி தருவார். அப்புறம் டெண்டர், பணி ஆணை. எஸ்டிமேட்டுக்குள்ளேயே 18 சதவீதம் ஜிஎஸ்டி உட்கார்ந்திருக்கும். ஒரு சாலை, இரண்டு அங்கன்வாடிக் கட்டடம், நாலைந்து குடிநீர்த் தொட்டி, பள்ளிக்கூடத்துக்கு வகுப்பறை என்று எழுத ஆரம்பித்தால் 3 கோடி கண்ணெதிரே கரைந்துவிடும். ஆகவே வேறு திட்டத்தில் வாங்க முடிகிறதை இதில் செய்வதில்லை என்று முடிவெடுத்திருக்கிறேன். சாலைக்குக் கிராமச் சாலைத் திட்டம் இருக்கிறது, வீட்டுக்குக் கனவு இல்லம் இருக்கிறது. யாருடைய பட்டியலிலும் சேராமல் தொங்கிக்கொண்டு நிற்கிற வேலைகளுக்குத்தான் இந்தப் பணம். அக்கரைத் தெருவின் ரேஷன் கடை அப்படிப்பட்டது. அந்தப் பெரியவரின் தெருவைச் சாலைப் பட்டியலில் சேர்க்கக் கடிதம் கொடுத்திருக்கிறேன்.

16 ஏப்ரல், புதன்

இந்த அவைக்கு வந்ததற்காக மனசு நிறைந்த நாட்களில் இன்று ஒன்று.

உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினர்களாக நியமிக்க வழி செய்யும் இரண்டு சட்டமுன்வடிவுகளை முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் அறிமுகம் செய்தார். ஒன்று 1998ஆம் ஆண்டு நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டத்துக்குத் திருத்தம். மற்றது 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்துக்கு. இன்றைக்கு நகர்ப்புற உள்ளாட்சிகளில் மாநிலம் முழுக்க 35 மாற்றுத்திறனாளிகள்தான் உறுப்பினர்களாக இருக்கிறார்கள். இந்தத் திருத்தம் வந்தால் நகர்ப்புறத்தில் 650 பேர், கிராம ஊராட்சிகளில் 12,913 பேர், ஊராட்சி ஒன்றியங்களில் 388 பேர், மாவட்ட ஊராட்சிகளில் 37 பேர்.

எண்களைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது நம் கடைத்தெருவில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் தம்பிதான் நினைவுக்கு வந்தார். மூன்று சக்கர ஸ்கூட்டரில் வருவார். பேரூராட்சி அலுவலகத்துக்கு மனு கொடுக்கப் போனால் வாசலிலேயே ஸ்கூட்டரை நிறுத்தி, உள்ளே போகும் யாரிடமாவது காகிதத்தைக் கொடுத்தனுப்புவார். "உள்ள என்ன பேசுறாங்கன்னே எனக்குத் தெரியாதுக்கா" என்று ஒரு தடவை சொன்னார். அவர் அந்த மேஜையில் உட்கார்ந்து பேச உரிமை வருகிறது. கருணை என்று இதை யாரும் பேச வேண்டாம். அவர் வரி கட்டுகிறார், வாக்களிக்கிறார், அவர் தெருவிலும் சாக்கடை அடைத்துக்கொள்கிறது.

நியமனம் தேர்தலுக்கு ஈடாகாது என்று சில தோழர்கள் சொல்கிறார்கள். நானும் ஒப்புக்கொள்கிறேன். நாளைக்கு இவர்கள் வார்டில் நின்று ஜெயித்து வரவேண்டும். ஆனால் மன்றத்தின் உள்ளே ஒரு நாற்காலி கிடைத்த பிறகு அந்தப் பாதை இவ்வளவு தூரமாகத் தெரியாது.

29 ஏப்ரல், செவ்வாய்

கூட்டத்தொடரின் கடைசி நாள். கடன் வசூல் என்ற பெயரில் நடக்கும் கொடுமைகளைத் தடுக்கும் சட்டமுன்வடிவு இன்று நிறைவேறியது. 26ஆம் தேதி துணை முதலமைச்சர் உதயநிதி ஸ்டாலின் அறிமுகம் செய்தது. கடன் வாங்கியவரையோ குடும்பத்தாரையோ மிரட்டுவது, பின்தொடர்வது, வெளியாட்களை வைத்து வசூலிப்பது எல்லாம் குற்றம். 3 ஆண்டு வரை சிறை, அல்லது ரூ.5 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். தொல்லை தாங்காமல் கடன் வாங்கியவர் உயிரை மாய்த்துக்கொண்டால், தற்கொலைக்குத் தூண்டிய வழக்கு.

குழுக் கடன் வாங்கிய பெண்கள் வாரத் தவணை நாளில் எப்படி இருக்கிறார்கள் என்று வீடு வீடாகப் பார்த்தவள் நான். ஒருத்தி கட்ட முடியாவிட்டால் மற்ற ஒன்பது பேரையும் திண்ணையில் உட்கார வைத்து, இருட்டுகிற வரை எழ விடுவதில்லை. அடுப்பு பற்றவைக்கக்கூட ஆள் போக முடியாது. இந்தச் சட்டம் வேண்டும் என்று எந்தத் தயக்கமும் இல்லாமல் "ஆம்" சொன்னேன்.

ஒன்று மட்டும். கடன் தள்ளுபடி என்று வாட்ஸ்அப்பில் சிலர் பரப்புகிறார்கள். அப்படி இல்லை. வாங்கிய கடன் கடன்தான். மிரட்ட முடியாது என்பதுதான் சட்டம்.

1 மே, வியாழன்

கிராம சபை. இரண்டு ஊராட்சிகளுக்குப் போனேன். நம் மாவட்டத்தில் ஊரக உள்ளாட்சிப் பதவிக்காலம் ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்துவிட்டதால் தலைவரும் இல்லை, வார்டு உறுப்பினரும் இல்லை. தனி அலுவலர்தான் எல்லாம். அவர்தான் எத்தனை ஊராட்சியில் போய் நிற்பார், பாவம். கூட்டம் ஆலமரத்தடியில். முன்வரிசையில் பெண்கள்.

முதல் கேள்வியே நூறு நாள் வேலைக் கூலி. மாதக்கணக்கில் வரவில்லை. மத்திய அரசிடமிருந்து மாநிலத்துக்கு வரவேண்டிய பாக்கி ரூ.4,034 கோடி என்று நாங்களும் சபையில் பேசினோம், வெளியிலும் பேசினோம். ஒரு அம்மா எழுந்து, "கோடியெல்லாம் எனக்குத் தெரியாதும்மா, என் அட்டையில ஏறுச்சான்னு பாத்துச் சொல்லு" என்றார். அவர் அட்டையைக் கணினியில் போட்டுப் பார்த்தோம். ஒரு பகுதி ஏறியிருந்தது, மீதி ஏறவில்லை. அதை அங்கேயே எழுதிக் கொடுக்கச் சொன்னேன்.

மாற்றுத்திறனாளிகள் சட்டத்தைப் பற்றிச் சொன்னபோது பின்னாலிருந்து ஒரு பெண் கேட்டார். ஊன்றுகோலோடு நின்றுகொண்டிருந்தார். "மெம்பர் ஆக்குறேங்கிறீங்க. சரி. இந்த ஆபீஸ்ல நான் எப்புடி ஏறுறது?"

திரும்பிப் பார்த்தேன். ஊராட்சி அலுவலகத்துக்கு ஐந்து படி. பக்கத்தில் சரிவுப் பாதை என்று ஒன்று. சின்னப் பையன்கள் அதில் சறுக்கி விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

24 மே, சனி

ஓவர்சியரையும் டேப்பையும் அழைத்துக்கொண்டு அந்த ஊராட்சிக்கு மறுபடி போனேன். அந்தப் பெண்ணையும் வரச் சொல்லியிருந்தேன்.

தரையிலிருந்து அலுவலக வாசல் இரண்டரை அடி உயரம். சரிவுப் பாதையின் நீளம் எட்டு அடி. விதி என்னவென்றால், ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். அப்படியென்றால் முப்பது அடி. இருப்பது கால்வாசிக்குக் கொஞ்சம் கூட. சக்கர நாற்காலியைப் பின்னாலிருந்து இரண்டு பேர் தள்ளினாலும் ஏறாது. ஏறினாலும் இறங்கும்போது ஆள் கவிழ்ந்துவிடுவார். கட்டியவர்கள் சரிவுப் பாதை இருக்கிறது என்று கணக்குக் காட்டக் கட்டியிருக்கிறார்கள், ஏறுவதற்கென்று கட்டவில்லை.

முற்றம் இருபத்தோரு அடிதான். ஓவர்சியர் தலையைச் சொறிந்தார். அந்தப் பெண்தான் வழி சொன்னார். அவர் சிகிச்சைக்குப் போன ஆஸ்பத்திரியில் பாதி தூரம் போய், ஒரு மேடையில் திரும்பி, மறுபடி ஏறுமாம். சரி, பதினைந்து அடி, அப்புறம் திரும்ப ஐந்தடி மேடை, மறுபடி பதினைந்து அடி. சுண்ணாம்பில் கோடு போட்டுப் பார்த்தோம். வேப்பமரத்தைத் தொடாமல் முற்றத்துக்குள் அடங்கியது. இரண்டு பக்கமும் கைப்பிடிக் குழாய். கழிவறைக் கதவையும் மூன்றடி அகலம் ஆக்கச் சொன்னேன். நாற்காலி உள்ளே போக வேண்டுமே.

தொகுதி நிதியில் இதற்குப் பரிந்துரைக் கடிதம் கொடுத்துவிட்டேன். மற்ற ஊராட்சிகளையும் இதே டேப்போடு அளக்கச் சொல்லியிருக்கிறேன். திறப்பு விழாவில் பேசுவதற்கு இதில் ஒன்றும் இல்லை என்று ஒரு நண்பர் சொன்னார். திறப்பு விழாவே வேண்டாம் என்றேன். அந்தப் பெண் ஏறி உள்ளே போனால் போதும்.

22 ஜூன், ஞாயிறு

மேட்டூர் 12ஆம் தேதி திறந்தது, கல்லணை 15ஆம் தேதி. தண்ணீர் இன்னும் நம் வாய்க்காலுக்கு வரவில்லை. வரும் வழியில் ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்ட இரண்டு இடங்களைப் பொக்லைன் விட்டு எடுத்துவிட்டார்கள்.

மார்ச்சில் கேட்ட மதகு என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்கள். ஷட்டர் மாற்றவில்லை. பழைய ஷட்டரின் திருகாணியைக் கழற்றி, துரு சுரண்டி, கிரீஸ் போட்டிருக்கிறார்கள். மதகைத் திறந்து மூடும் பணியாளரான லஸ்கர் என் எதிரே சுற்றிக் காட்டினார், முக்கால்வாசி ஏறுகிறது. இந்தக் குறுவைக்கு இது ஓடும். புதிய ஷட்டருக்கான கோப்பை நான் விடுவதாக இல்லை.

மாற்றுத்திறனாளிகள் சட்டத்துக்கும் கடன் வசூல் சட்டத்துக்கும் ஆளுநர் ஒப்புதல் கிடைத்துவிட்டது.

3 ஜூலை, வியாழன்

பேரூராட்சியில் நியமன உறுப்பினருக்கு விண்ணப்பம் வாங்குகிறார்கள். 17ஆம் தேதி கடைசி நாள். கிராம ஊராட்சிகளில் நம் மாவட்டம் தேர்தலுக்குக் காத்திருக்கிறது. மன்றமே இல்லாத இடத்தில் யாரைப் போய் நியமிப்பது? தேர்தலைச் சீக்கிரம் நடத்துங்கள் என்று அவையில் கேட்டவர்களில் நானும் ஒருத்தி, தொடர்ந்து கேட்பேன்.

செல்போன் கடைத் தம்பி விண்ணப்பம் வாங்கிவிட்டார். இன்னும் மூன்று பேரும் வாங்கியிருக்கிறார்கள், அதில் ஒருவர் பார்வையற்ற ஆசிரியை. யாருக்கும் நான் சிபாரிசுக் கடிதம் தருவதில்லை, கேட்காதீர்கள். எல்லோருடைய விண்ணப்பமும் குறையில்லாமல் போய்ச் சேர உதவி செய்வேன். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, வாக்காளர் அட்டை இரண்டின் நகலோடும் அலுவலகத்துக்கு வாருங்கள். படி ஏற முடியாதவர்கள் வாசலில் நின்று ஒரு போன் போடுங்கள், நாங்கள் இறங்கி வருகிறோம். எங்கள் அலுவலகத்துக்கும் சரிவுப் பாதை போடக் கட்டட உரிமையாளர் சம்மதித்துவிட்டார், திங்கள்கிழமை கொத்தனார் வருகிறார்.

ஊராட்சி அலுவலகச் சரிவுப் பாதைக்கு நிர்வாக அனுமதி வந்துவிட்டது, டெண்டர் அடுத்த வாரம். ரேஷன் கடைக்கு அஸ்திவாரம் தோண்டியாகிவிட்டது. ஆகஸ்ட் 15 கிராம சபைக்கு வரும்போது கூலி பாக்கி இருப்பவர்கள் அட்டையைக் கையோடு கொண்டுவாருங்கள்.