அம்மாவின் சர்க்கரை தானாகக் குறைந்தபோது

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஓர் ஆடி மாதம், அம்மாவின் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்து வீடே மகிழ்ந்தது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 8.4-இலிருந்து 6.1-க்கு இறங்கியிருந்தது. 17 வருடச் சர்க்கரை நோயில் அப்படியோர் எண்ணை நாங்கள் பார்த்ததே இல்லை. பெரியம்மா கொடுத்தனுப்பிய சிறுகுறிஞ்சான் பொடிதான் கேட்டிருக்கிறது என்றார் அத்தை. நானும் நம்பினேன். அதே தாளில் நான்கு வரிக்குக் கீழே, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் 2.4 என்று அச்சாகியிருந்தது. அதை நான் பார்த்தேன். ஆனால் இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தெரியவில்லை.

அதற்கு முந்தைய மூன்று வருடங்கள் கதை நேர்மாறாக இருந்தது. இன்சுலின் அளவு ஏறிக்கொண்டே போனது. காலையும் இரவும் பத்துப் பத்து யூனிட்டில் தொடங்கியவர், காலை 26, இரவு 18 என்று 44 யூனிட்டுக்கு வந்து நின்றார். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் அப்படியும் 250, 270. நாங்கள் அப்போது பார்த்துவந்த மருத்துவர், "வீட்டில் யாருக்கும் தெரியாமல் இனிப்புச் சாப்பிடுகிறார்கள், கவனியுங்கள்" என்று என்னிடம் தனியாகச் சொன்னார். நான் சர்க்கரை டப்பாவை மேல் அலமாரிக்கு மாற்றினேன். அம்மா அதைக் கவனித்துவிட்டார். "நான் திருடித் தின்கிறேன் என்று நினைத்தாயா கண்ணு?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. அந்த நாட்களில் கிரியேட்டினின் 1.4. "வயதுக்குக் கொஞ்சம் கூடுதல், பரவாயில்லை" என்றார்கள். அம்மாவின் வயதுக்கு அதைச் சிறுநீரகம் வடிகட்டும் திறனாகக் கணக்கிட்டால் 43, 44 வரும். பாதிக்கும் மேல் போய்விட்டது என்று அதற்குப் பொருள். அந்தக் கணக்கை அன்று யாரும் போட்டுக் காட்டவில்லை.

ஆடியில் மகிழ்ந்தோம், ஆவணியில் ஒரு நாள் அதிகாலை மூன்று மணிக்கு அம்மாவின் அறையில் ஏதோ விழும் சத்தம். சொம்பு உருண்டு கிடந்தது. அம்மா கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து, யாரையோ பார்ப்பதுபோல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரவிக்கை முழுவதும் நனைந்திருந்தது. கூப்பிட்டால் திரும்பவில்லை. விரலில் குத்திப் பார்த்தேன்: 46. சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து, விழுங்குகிறாரா என்று பார்த்துப் பார்த்துக் கரண்டியால் கொடுத்தேன். கால் மணி நேரம் கழித்து, "ஏன் விளக்கைப் போட்டாய்?" என்று கேட்டார். என் பெயரைச் சொல்லிக் கேட்டார். அந்த ஒரு கேள்வி போதுமாக இருந்தது.

மறுநாள் நண்பர் ஒருவர் சொல்லி, ஈரோட்டில் சிறுநீரக மருத்துவர் ஒருவரிடம் போனோம். அவர் முதலில் பார்த்தது எச்பிஏ1சியை அல்ல, நான் குறித்து வைத்திருந்த நோட்டை. அதிகாலையில் 60, 70. மதியச் சாப்பாட்டுக்குப் பின் 240. "இன்சுலின் அளவு யார் சொல்லிக் குறைத்தீர்கள்?" என்று கேட்டார். குறைக்கவே இல்லை என்றேன். அவர் முகம் மாறியது.

அம்மாவுக்கு வயலும் வாய்க்காலும் தெரியும் என்று பேச்சில் பிடித்துக்கொண்டு, அவரிடமே விளக்கினார். சர்க்கரை என்பது தண்ணீர். தசைதான் வயல். இன்சுலின், மடை திறக்கிற ஆள். சிறுநீரகம் கெடும்போது ரத்தத்தில் கழிவு தங்குகிறது, அமிலம் கூடுகிறது, ரத்தம் குறைகிறது, உடம்பு அசைவது குறைகிறது. இதெல்லாம் சேர்ந்து மடைப் பலகையை இறுக்கிவிடும். ஆள் வந்து இழுத்தாலும் பலகை நகராது. சாப்பிட்டவுடன் சர்க்கரை எகிறுவது அதனால்தான். இதுதான் இன்சுலின் எதிர்ப்பு. சர்க்கரை நோயே இல்லாத சிறுநீரக நோயாளிகளுக்கும் இது வரும். "அம்மா, நீங்கள் இனிப்பே சாப்பிடாவிட்டாலும் சர்க்கரை இப்படி ஏறியிருக்கும்" என்றார். அம்மா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் அங்கேயே அழுதிருப்பேன்.

பிறகு மறுபாதியைச் சொன்னார். ஊசியில் போடும் இன்சுலினில் பெரும்பங்கைச் சிதைத்து வெளியேற்றுவது சிறுநீரகம். வடிகட்டும் திறன் 20-ஐ நெருங்கும்போது அந்த வேலை தடுமாறும். மடை திறக்க வந்த ஆள் பொழுது சாய்ந்தும் வீட்டுக்குப் போவதில்லை. தண்ணீரே வராத நடு இரவில் நின்று, பலகையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக்கொண்டே இருக்கிறார். போதாக்குறைக்கு, பட்டினி நேரத்தில் கல்லீரலைப் போலவே சிறுநீரகமும் கொஞ்சம் சர்க்கரை தயாரித்துக் கொடுக்கும், அதுவும் குறைந்துவிட்டது. பசியும் மந்தம். அம்மாவுக்கு அன்று வடிகட்டும் திறன் 22. அதாவது சர்க்கரை குறைந்ததற்குக் காரணம் பொடி இல்லை, பத்தியம் இல்லை, சிறுநீரகம் போய்க்கொண்டிருந்தது.

பின்னாளில் தேடிப் படித்தேன். 1981-இலேயே டிஃப்ரான்சோவும் உடன் ஆய்வாளர்களும் சிறுநீரகம் செயலிழந்தவர்களை வைத்து ஆராய்ந்து, இந்த எதிர்ப்பு முக்கியமாகத் தசையில்தான் இருக்கிறது, கல்லீரலில் அல்ல என்று காட்டியிருக்கிறார்கள். இத்தனை பழைய செய்தி எங்கள் வீட்டுக்கு வந்துசேர 40 வருடங்களுக்கு மேல் ஆகியிருக்கிறது. எனக்கு இன்னும் ஆறாத இடம் அது.

அந்த 6.1 எண்ணின் கதையும் அன்றே தெரிந்தது. எச்பிஏ1சி, சிவப்பணுவில் ஒட்டிய சர்க்கரையைத்தான் அளக்கிறது. சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழும் என்ற கணக்கில் அந்தச் சோதனை நிற்கிறது. சிறுநீரக நோயில் அந்த ஆயுள் குறைந்துவிடுகிறது. சர்க்கரை ஒட்ட அவகாசம் கிடைப்பதில்லை. அம்மாவுக்கு ஹீமோகுளோபின் 8.6, அதற்காக ஊசியும் இரும்புச் சத்தும் தொடங்கினால் புது அணுக்கள் வந்து எண் இன்னும் இறங்கும் என்றார். 6.1 என்றால் சராசரி 128 இருந்திருக்க வேண்டும். நோட்டைப் பார்த்தால் 60-க்கும் 260-க்கும் நடுவே ஊசலாட்டம். தாளில் இருந்த எண் அழகாக இருந்தது, அவ்வளவுதான்.

அன்றே 44 யூனிட் 32 ஆனது. அதிலும் இரவு ஊசியைத்தான் அதிகம் வெட்டினார்: காலை 22, இரவு 10. கூடவே கொடுத்திருந்த கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரையை நிறுத்தினார். மெட்ஃபார்மினும் நின்றது, வடிகட்டும் திறன் 30-க்குக் கீழே போனால் அது கூடாதாம். பொடியையும் நிறுத்தச் சொன்னார். அத்தையிடம் அதை நான் மெதுவாகத்தான் சொன்னேன்.

அடுத்த இரண்டு வாரங்கள்தான் கடினமானவை. விடியற்காலை மூன்று, காலை வெறும் வயிறு, ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் இரண்டு மணி நேரம் கழித்து என்று ஒரு நாளைக்கு ஐந்து முறை குத்த வேண்டும். அம்மாவின் விரல்கள் களை பறித்துக் காய்த்த விரல்கள். பக்கவாட்டில் குத்தினால் வலி குறைவு என்று நான்காவது நாள்தான் கற்றுக்கொண்டேன். ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் என்ன சாப்பிட்டார், எவ்வளவு சாப்பிட்டார் என்று எழுதினேன். அதை வைத்து அளவு மறுபடி மாறியது. நான்கு மாதத்தில் மொத்தம் 20 யூனிட்டுக்கு வந்துவிட்டோம். குறுகிய நேரமும் நீண்ட நேரமும் வேலை செய்பவற்றைக் கலந்த கலவை இன்சுலினும் இப்போது இல்லை. சாப்பாட்டுக்குப் போடும் குறுகிய நேர இன்சுலின்தான் முக்கியம். அம்மாவுக்குப் பசி இல்லாத நாளில், எவ்வளவு சாப்பிட்டார் என்று பார்த்துவிட்டு, சாப்பிட்ட உடனே போடுகிறோம். போட்ட பிறகு சாப்பிட மறுத்தால் என்ன செய்வது என்ற பயம் அதனால் விட்டது.

பலகையின் இறுக்கத்தைத் தளர்த்தவும் வழி இருந்தது. ரத்தத்தில் அமிலத்தைச் சமன்செய்யும் பைகார்பனேட் 17 இருந்தது. 22-க்குக் கொண்டுவர சோடியம் பைகார்பனேட் மாத்திரை. வைட்டமின் டி. ரத்தசோகைக்கு ஊசி. சாப்பிட்டுக் கால் மணி கழித்து வாசலிலிருந்து மாரியம்மன் கோவில் வரை நடை, போகவர 20 நிமிடம். இவற்றில் எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் மதிய நடை உள்ள நாளுக்கும் இல்லாத நாளுக்கும் 40, 50 வித்தியாசத்தை நோட்டில் கண்கூடாகப் பார்க்கிறேன். அந்த மாதமே டாபாகிளிஃப்ளோசின் என்ற மாத்திரையும் சேர்ந்தது. இந்த நிலையில் அது சர்க்கரையைப் பெரிதாகக் குறைக்காது, சிறுநீரகம் கெடும் வேகத்தைக் குறைப்பதற்குத்தான் என்றார். வாந்தி, பேதி வந்து சாப்பிட முடியாத நாளில் அதை நிறுத்திவிட்டு உடனே தெரிவிக்கச் சொன்னார்.

சமையலறைதான் மிகவும் தடுமாறிய இடம். சர்க்கரைக்கு நல்லது என்று 17 வருடங்களாகக் கேழ்வரகுக் களி, கொள்ளு, கீரை, கொய்யா என்று பழகிய வீடு. பொட்டாசியமும் பாஸ்பரசும் கூடுதல் என்று அவற்றையே குறைக்கச் சொன்னார் உணவு ஆலோசகர். அரிசிக்குப் போனால் சர்க்கரை ஏறுகிறது. கடைசியில் அரிசிச் சோறு ஒரு கரண்டி குறைத்து, காயை நறுக்கி வெந்நீரில் ஊறவைத்து, வடித்து, மறுபடி நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்த நீரையும் கொட்டிவிட்டுத் தாளிக்கிறோம். முட்டையில் வெள்ளைக்கரு மட்டும். கொள்ளு இல்லாத சாப்பாடு அம்மாவுக்குச் சாப்பாடே இல்லை. மாதம் ஒரு நாள் மட்டும் கொஞ்சம் வைக்கிறேன், மருத்துவரிடம் சொல்லிவிட்டுத்தான். ரத்த அழுத்தத்துக்கு நல்லது என்று உறவினர் வாங்கிவந்த, சோடியம் குறைத்த உப்புப் பாக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தேன். அதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம்தான் சேர்க்கிறார்கள்.

சர்க்கரை தாழ்ந்தால் என்ன கொடுப்பது என்பதையும் புதிதாகப் படிக்க வேண்டியிருந்தது. ஆரஞ்சுச் சாறும் இளநீரும் பொட்டாசியத்தால் வேண்டாம். குளுக்கோஸ் பொடி மூன்று தேக்கரண்டி, அரை டம்ளர் தண்ணீரில். 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை. 70-ஐத் தாண்டவில்லை என்றால் மறுபடி அதே. விழுங்க முடியாத நிலை என்றால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழைக்க வேண்டும். அம்மா சாப்பிடும் மெட்டோபுரொலால் மாத்திரை படபடப்பை மறைத்துவிடும். பெரும்பாலும் வியர்வைதான் அடையாளம். அதனால்தான் அன்று இரவு அவருக்கே எதுவும் உறைக்கவில்லை. குளுக்கோஸ் டப்பா இப்போது கட்டிலுக்குப் பக்கத்து முக்காலியில் இருக்கிறது.

இதை எழுதக் காரணம், போன மாதம் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த ஓர் அம்மா, "எனக்கு உப்புச் சத்து (கிரியேட்டினின்) 3 ஆகிவிட்டது, ஆனால் சர்க்கரை நன்றாகக் கட்டுப்பட்டுவிட்டது" என்று மனநிறைவோடு சொன்னதுதான். இன்சுலின் அளவைக் குறைத்தார்களா என்று கேட்டேன். இல்லையாம். இறங்க வேண்டிய நிறுத்தத்தையும் விட்டுவிட்டு அவரிடம் பேசினேன். கிரியேட்டினின் ஏறியிருக்கிற ஒவ்வொரு முறையும், "இன்சுலின், மாத்திரை அளவை மாற்ற வேண்டுமா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள் என்றேன். நீங்களாகக் குறைத்துவிடாதீர்கள் என்றும் சொன்னேன். அவர் மகனின் கைப்பேசியில் அதை எழுதிக்கொடுத்தேன்.

அம்மாவுக்கு இப்போது வடிகட்டும் திறன் 17. டயாலிசிஸ் பற்றிப் பேசத் தொடங்கியிருக்கிறோம். அது தொடங்கினால் கழிவு இறங்கி இன்சுலின் எதிர்ப்பும் ஓரளவு தளரும், அளவை மறுபடி முதலிலிருந்து பார்க்க வேண்டியிருக்கும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை மட்டும் இப்போது மூன்று மணிக்கு எழுகிறேன். விளக்கைப் போடுவதற்குள் அம்மா வலது கையை நீட்டிவிடுகிறார். இடது கையின் ரத்தக் குழாய்களை டயாலிசிஸுக்காகக் காப்பாற்ற வேண்டும், அங்கே ரத்தம் எடுக்கக் கூடாது என்று நோட்டின் அட்டையில் சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறேன். விரலில் குத்துவதற்கு அந்தத் தடை இல்லை என்று சொன்னாலும் அவர் கேட்பதில்லை. "எவ்வளவு கண்ணு?" என்கிறார். நேற்று 132.